எச்சிலால் ஒரு வீடு



சென்ற இதழில் வௌவால் கட்டுரை வெளியானதும் கடிதங்கள் வந்து குவிந்தன. பாராட்டு பாதி, சந்தேகம் பாதி. எனக்குச் சந்தேகக் கடிதங்கள்தான் அதிகம் பிடிக்கும். பாராட்டுகளைக் கட்டுரை எழுதியவருக்கு அனுப்பிவிடுவேன். தேனியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருந்தார்: "கும்மிருட்டில் ஒலியெழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் வித்தை வௌவாலுக்கு மட்டும்தானா? பறவைகளில் ஒன்றுக்குக்கூடவா அது தெரியாது?"

வாசகர் கேள்விப் பகுதியில் இரண்டு வரியில் முடித்திருக்கலாம். எழுத உட்கார்ந்தால் விஷயம் இரண்டு வரிக்குள் அடங்க மறுத்தது. ஆகவே இந்த மாதம் என் பக்கம் முழுவதும் அந்த ஆசிரியைக்குத்தான்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் இந்த வித்தை தெரிந்தவை இரண்டே கூட்டம். ஒன்று, தென்னமெரிக்காவில் பழம் தின்று வாழும் எண்ணெய்ப் பறவை. இன்னொன்று நம் பக்கத்துப் பறவை. குகைகளில் கூடு கட்டும் சின்னஞ்சிறு உழவாரன்.

உழவாரனை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலேகூட. பனைமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் பனை உழவாரன், கோயில் கோபுரத்திலும் பாலத்துக்கு அடியிலும் கூட்டமாகக் கத்திக்கொண்டு வட்டமிடும் நாட்டு உழவாரன் இரண்டும் இதன் சொந்தக்காரர்கள். பலர் இவற்றைத் தகைவிலான் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அடையாளம் சுலபம். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காராது. அதன் காலுக்கு அந்தச் சக்தி கிடையாது. குட்டைக் கால், கூரிய நகம். செங்குத்தான பாறையிலோ சுவரிலோ தொற்றிக்கொள்ள மட்டுமே அது உதவும். ஆகவே விடிந்ததும் குகையைவிட்டுக் கிளம்பினால் பகல் முழுதும் ஆகாயத்தில்தான். ஈசல், இறக்கை எறும்பு, அத்திப்பழக் குளவி, சிறு வண்டு என்று காற்றில் மிதப்பதையெல்லாம் பறந்தபடியே வாயில் வாங்கிக்கொள்ளும். உடலின் நீளம் ஒரு சாண்கூட இல்லை, எடையும் மிகக் குறைவு. நிறமும் ஒரு கரும்பழுப்பு, அவ்வளவுதான். அழகுப் போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிடும்.

குகை வாசலைத் தாண்டி வெளிச்சம் மங்கும் இடத்தில்தான் அதன் மகிமை தொடங்குகிறது. அதுவரை சாதாரணக் குருவிபோல் கீச்சிட்டுக்கொண்டு வந்த பறவை, இருட்டு சூழ்ந்ததும் வேறொரு ஒலிக்கு மாறுகிறது. பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது எழுமே, அந்தக் கடகடப்பு. வௌவாலின் ஒலியை நம் காது பிடிக்காது. உழவாரனின் ஒலி நமக்கு நன்றாகவே கேட்கும். பெரும்பாலான இனங்களில் அது இரட்டைச் சொடுக்கு. இரண்டும் மிக நெருக்கமாக விழுவதால் நமக்கு ஒன்றாகத்தான் கேட்கும். பாறைச் சுவரை நெருங்க நெருங்கச் சொடுக்குகளின் வேகம் கூடும். திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், அந்த ஒலி தேவையில்லை, எழுப்புவதும் இல்லை.

இதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் ஆல்வின் நோவிக். அவர் எடுத்துக்கொண்ட பறவை இலங்கைக் குகைகளில் வாழும் உழவாரன்; ஆய்வு வெளியான ஆண்டு 1959. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதே இனம்தான் வாழ்கிறது. மகாராஷ்டிரக் கடற்கரைக்கு அப்பால் வெங்குர்லாப் பாறைத் தீவுகளின் குகைகளிலும் அதன் குடியிருப்பு உண்டு. அதே காலத்தில் போர்னியோவின் நியா குகையில் மெட்வே பிரபு என்ற ஆங்கிலேய இளைஞர் இந்தப் பறவைகளின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். குகைப் பறவை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதிக்கு அவர் போட்ட அஸ்திவாரம்தான் ஆதாரம்.

ஆனால் வௌவாலோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. வௌவால் தன் ஒலியைக் கொண்டு பறக்கும் கொசுவைப் பிடிக்கிறது. அதற்கு மிக உயர்ந்த அதிர்வெண் வேண்டும். பறவைகளின் காது அந்த உயரத்துக்கு எட்டாது. உழவாரனின் ஒலி தாழ்ந்தது, ஆகவே அது காட்டும் படமும் கொஞ்சம் மங்கல். 1970-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூ கினியின் குகை உழவாரன்களுக்கு எதிரே இருட்டில் கம்பிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பிவரை அவற்றுக்குப் புலப்பட்டது. கொசுவை அந்த ஒலியால் கண்டுபிடிக்க வழியே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேரவும், போகும் வழியில் பாறையில் முட்டிக்கொள்ளாமலிருக்கவும் அது போதும். அதற்குமேல் அந்தப் பறவைக்குத் தேவையும் இல்லை.

எல்லாச் சிறு உழவாரன்களுக்கும் இது தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. அடிவயிறு வெளுத்த பளபள உழவாரன்களுக்குத் தெரியாது. அவை குகை வாசலிலேயே, வெளிச்சம் எட்டும் இடத்தில், பாலத்தின் அடியில், வீட்டு முகப்பில் கூடு கட்டிக்கொள்கின்றன. தெரிந்த கூட்டம் ஒன்று, தெரியாத கூட்டம் ஒன்று என்று விஞ்ஞானிகள் நிம்மதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பளபள உழவாரனின் நெருங்கிய உறவான பிலிப்பைன்ஸ் குள்ள உழவாரன் இருட்டில் சொடுக்குப் போடுகிறது என்று 2004-இல் தெரியவந்ததும் அந்த நிம்மதி போயிற்று. இந்த வித்தை ஒருமுறை பிறந்ததா, பலமுறை பிறந்ததா, முன்னோருக்கு இருந்து சிலர் இழந்துவிட்டார்களா என்று விவாதம் நடக்கிறது.

வெளிச்சத்தை விட்டுக்கொடுத்ததில் இந்தப் பறவைக்கு என்ன லாபம்? பாதுகாப்புத்தான். குரங்கும் காக்கையும் பருந்தும் அவ்வளவு ஆழத்துக்கு வருவதில்லை. ஆனாலும் முழுப் பாதுகாப்பு என்று ஒன்று எங்கே இருக்கிறது? போர்னியோக் குகைகளில் வெளிறிய நிறத்தில் ஒரு பாம்பு உண்டு. பறவைகள் கடந்துபோகும் குறுகலான இடமாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக் காத்திருக்கும். முட்டையையும் குஞ்சையும் தின்னும் பெரிய குகைச் சில்வண்டும் அங்கே இருக்கிறது. விலங்கியலார் அதற்குச் சூட்டிய பெயரே முட்டைதின்னி என்றுதான் பொருள்படும். மாலையில் வாசலில் வௌவால் பருந்து தயாராக நிற்கும். அந்தி நேரத்தில் குகை வாசலில் நடப்பது ஆலை வாசலில் ஷிஃப்ட் மாறுவதைப் போன்றதுதான்: உள்ளேயிருந்து வௌவால்கள் லட்சக்கணக்கில் வெளியே, வெளியேயிருந்து உழவாரன்கள் உள்ளே. அந்த நெரிசலில்தான் பருந்துக்கு இரவு உணவு.

இனி கூட்டுக்கு வருவோம். இந்தப் பறவை உலகப் புகழ் பெற்றதும் அதனால்தான், உயிருக்கு உலைவைத்துக்கொண்டதும் அதனால்தான்.

தரையில் இறங்கிச் சுள்ளி பொறுக்க முடியாத கால். குகைக்குள் கிளையும் கிடையாது. கையிலிருப்பது வாய் மட்டும். இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் நாக்கின் அடியிலுள்ள இரண்டு சுரப்பிகள் பெருத்துவிடுகின்றன. எச்சில் கெட்டியாக, பிசினாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டுகின்றன, அதுவும் பெரும்பாலும் இரவில். பாறையில் நகத்தால் தொற்றிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக அசைத்து, ஓர் எச்சில் இழையை வளைவாகப் பூசுகிறது. அது காற்றுப் பட்டுக் காய்ந்து இறுகியபிறகு அதன்மேல் இன்னொன்று. முதல் சில நாள்களில் பாறையில் பிறைபோல் ஒரு கோடு மட்டுமே தெரியும். கோடு விளிம்பாகி, விளிம்பு மாடமாகி, கடைசியில் அரைக் கிண்ணம் ஒன்று சுவரில் ஒட்டி நிற்கும். நான்கு விரல் அகலம், பத்து கிராமுக்குள் எடை. வெள்ளைக் கூட்டு உழவாரனின் கூட்டில் எச்சிலைத் தவிர வேறெதுவும் அநேகமாக இருக்காது. விளக்கைப் பின்னால் பிடித்தால் ஒளி ஊடுருவும். கருங்கூட்டு உழவாரன் தன் சிறகையும் சேர்த்துக் குழைத்துவிடுகிறது. பாசிக்கூட்டு உழவாரன் எச்சிலில் கஞ்சத்தனம் காட்டிப் பாசியை அடைத்துக் கட்டுகிறது. நம் மலைகளில் இருக்கும் இனம் சிறகும் காய்ந்த புல்லும் கலந்து கட்டும். எச்சிலின் பங்கு குறையக் குறையச் சந்தையில் மதிப்பும் இறங்கும்.

வெள்ளைக் கூட்டின் கணக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கட்டி முடிக்க ஒரு மாதத்துக்குமேல் ஆகும். அதில் இரண்டு முட்டை. (கருங்கூட்டு உழவாரன் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்.) இருவரும் மாறி மாறி அடைகாக்க ஏறக்குறைய மூன்றரை வாரம். குஞ்சு பறக்க ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பெற்றோர் வெளியே போய்ப் பூச்சிகளைப் பிடித்து, எச்சிலால் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வந்து ஊட்டும். கூட்டிப் பார்த்தால் நூறு நாளுக்குக் குறையாது. இந்த நூறு நாள் மனிதன் கை வைக்காமலிருந்தால் போதும். அதற்குப் பிறகு காலிக் கூட்டை எடுத்துக்கொண்டு போனால் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த பருவத்தில் அதே ஜோடி அநேகமாக அதே இடத்துக்கு வந்து புதிதாகக் கட்டிக்கொள்ளும். இந்தப் பறவையின் தலையெழுத்து முழுவதும் அந்த நூறு நாளில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த நூறு நாளைத்தான் யாரும் கொடுப்பதில்லை. காரணம் பணம். சீனர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக இந்தக் கூடு மருந்து, விருந்து, கௌரவம் எல்லாமே. ஊறவைத்து, ஒட்டியிருக்கும் நுண்சிறகுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கற்கண்டு சேர்த்து மெல்ல வேகவைத்துக் குடிக்கிறார்கள். அதற்கென்று தனி ருசி கிடையாது என்பது குடித்தவர்களே சொல்வது. சுத்தம் செய்த நல்ல கூடு கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும். ஒரு கிலோவுக்கு நூறு கூடுகளுக்குமேல் வேண்டும். கண்முன்னே கூடு மாதிரி ஒன்று தெரிந்ததும் கத்தி வைத்துவிடுகிறான் மனிதன். இன்றைக்கு நான் விட்டால் நாளைக்கு வேறொருவன் எடுத்துவிடுவான் என்ற பயம். பறவை மறுபடி கட்டும், அதையும் எடுப்பார்கள். மூன்றாவது முறை அரைகுறையாகக் கட்டி முட்டையிட்டால், முட்டையைக் கீழே தட்டிவிட்டுக் கூட்டை எடுத்துக்கொள்வார்கள்.

இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கூடு போவதால் வளர்ந்த பறவைகள் சாவதில்லை. அவை ஆண்டுதோறும் திரும்பி வந்துகொண்டேயிருக்கும், குகையும் நிறைந்தே தெரியும். குஞ்சு பொரிக்கவில்லை என்பது வெளிப்படையாகத் தெரியவரும்போது கிழங்கள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்திருக்கும். நியா குகையில் 1930-களில் 17 லட்சம் பறவைகள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். நூற்றாண்டு முடியும்போது மிஞ்சியது அதில் சிறு பங்குதான்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கோமந்தோங் குகைகளில் வனவிலங்குத் துறை கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டே அறுவடை. முதலாவது, முட்டையிடுவதற்கு முன். பறவைக்கு மறுபடி கட்ட அவகாசம் இருக்கும். இரண்டாவது, குஞ்சுகள் பறந்தபின். அறுவடைக்குப் பிரம்பு ஏணியும் கயிறும் மூங்கிலும்தான் துணை. கூரை பல மாடி உயரம். கீழே எச்சக் குவியலில் கரப்பான்பூச்சிகள் கம்பளம் விரித்திருக்கும், சுவரில் நீளக்கால் பூரான்கள் ஓடும். அந்த உயரத்தில் தொங்குபவனுக்குக் கீழே பார்க்க நேரமிருக்காது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக் கதை அந்தமானில் நடந்தது. அதில் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு. ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன், 1990-களின் நடுவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் குகைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். அங்கே இந்தப் பறவையை ஹவாபில் என்பார்கள். படகில் போய், காட்டுக்குள் நடந்து, சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் புகுந்து நூற்றுக்கணக்கான குகைகளைக் கணக்கெடுத்ததில், ஐந்தில் நான்கு பங்குக்குமேல் பறவைகள் குறைந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார். தடை போடு, காவல் வை என்று அறிக்கை எழுதிவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் யோசித்தது வேறு. எந்தக் குகை எங்கே இருக்கிறது, எந்த மாதம் கூடு முற்றும், எந்த இடுக்கில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? திருடுபவனுக்குத்தான். வனத்துறையோடு சேர்ந்து, கூடு எடுத்துக்கொண்டிருந்தவர்களையே குகைக்குக் காவலாக வைத்தார். வடக்கு அந்தமானில் ராம்நகர், சாலிஸ் ஏக் குகைகளில் இராப்பகலாகக் காவல். குஞ்சுகள் பறந்தபின் கூடு எடுத்தால் வருமானம் உங்களுக்கு என்பது பேச்சு. காவல் இருந்த குகைகளில் பறவைகள் பெருகின.

தெற்கு அந்தமானில் திரூரில் இன்னொரு சோதனையும் நடந்தது. வெள்ளைக் கூட்டு உழவாரனின் முட்டைகளைக் கொண்டுவந்து, ஒரு கட்டடத்தில் குடியிருந்த பளபள உழவாரனின் கூடுகளில் வைத்தார்கள். பிறந்த இடத்துக்கே இனப்பெருக்கத்துக்குத் திரும்பும் பறவை என்பதால், வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த குஞ்சுகள் அந்தக் கட்டடத்தையே வீடாக ஏற்றுக்கொள்ளட்டும் என்பது எண்ணம். குயிலின் வேலையை மனிதன் செய்ய வேண்டியதாயிற்று.

நடுவில் சட்டம் ஒரு திருகு வைத்தது. 2000-களின் தொடக்கத்தில் இந்தப் பறவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதன்பின் காலிக் கூட்டைத் தொட்டாலும் குற்றம். காவலுக்கு நின்றவனுக்குச் சொன்ன பேச்சு என்ன ஆவது? சில ஆண்டுகள் கழித்து, தீவுகளின் ஹவாபிலுக்கு விலக்குக் கிடைத்தது. அட்டவணையிலிருந்து ஒரு பறவையை எடுப்பதென்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒருமுறை திறந்த கதவில் யார் யார் நுழைவார்கள் என்று தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எடுத்ததே சரி என்று நினைக்கிறேன், காவலும் கணக்கெடுப்பும் தொடரும்வரை. ரவி சங்கரன் 2009 ஜனவரியில், 45 வயதில், மாரடைப்பில் காலமானார். அப்போது அவர் ஆனைகட்டி மையத்தின் இயக்குநர்.

ரத்தக் கூடு பற்றிச் சொல்லாவிட்டால் மலேசிய வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். செக்கச்செவேலென்று இருக்கும் கூடு, எச்சில் தீர்ந்துபோன தாய்ப்பறவை ரத்தம் கக்கிக் கட்டியது என்று கதை கட்டி அதிக விலைக்கு விற்றார்கள். கேட்கும்போது உருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கலப்படமில்லாத கட்டுக்கதை. எச்சக் குவியலிலிருந்து கிளம்பும் ஆவியில் உள்ள நைட்ரஜன் சேர்மங்கள் கூட்டின் புரதத்தோடு சேர்ந்து நிறத்தை மாற்றுகின்றன. 2011-இல் சீனா, நைட்ரைட் அளவு அதிகம் என்று மலேசியக் கூடுகளுக்குத் தடை போட்டபோது வியாபாரிகளுக்குத்தான் ரத்தம் கக்க வேண்டியிருந்தது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்று விற்பனைக்கு வரும் கூடுகளில் பெரும்பகுதி குகையிலிருந்து வருவதில்லை. ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆளில்லாத வீடுகளில் இந்தப் பறவை தானாகக் குடியேறியது. அதைப் பார்த்து அதற்கென்றே வீடு கட்டத் தொடங்கினார்கள். ஜன்னலில்லாத மூன்று நான்கு மாடிக் கட்டடம், உள்ளே இருட்டு, ஈரம், கூரையில் மரச் சட்டங்கள். வாசல் துளையில் ஒலிபெருக்கி வைத்துப் பறவைகளின் கீச்சொலிப் பதிவை நாள் முழுக்க ஓடவிடுவார்கள். ஏற்கெனவே சனம் இருக்கிறது என்று நம்பிப் புதுப் பறவைகள் நுழையும். தெலுக் இந்தான் போன்ற ஊர்களில் கடைத்தெருவின் மேல்மாடிகளே இப்படி மாறியிருக்கின்றன. கீழே மனிதர்கள் சாப்பாட்டுக் கடை நடத்த, மேலே பறவைகள் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன. வாடகை கூட்டாக வந்துவிடுகிறது என்றும் சொல்லலாம். வீட்டுக் கூடு பெருகியதால் குகைகள் தப்பித்துவிட்டன என்று சிலர் எழுதுகிறார்கள். குகைக் கூடுதான் அசல் என்று கூடுதல் விலை கொடுக்க ஆளிருக்கும்வரை எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.

தேனி ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, பார்க்கவேண்டும் என்று கிளம்பினால் பகலில் மலைமேல் வானத்தில் தேடச் சொல்லுங்கள். குகைக்குள் டார்ச்சும் செல்போனுமாக நுழைய வேண்டாம். அடைகாக்கும் பறவை கலைந்து பறந்தால் முட்டை கீழே விழும். அந்தமான் சுற்றுலா போகிறவர்கள் பாராடாங் தீவில் அலையாத்திக் காட்டுக் கால்வாய் வழியாகச் சுண்ணாம்புக் குகைக்குப் போவீர்கள். வழிகாட்டியிடம் ஹவாபில் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மலேசிய வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் பறவை வீடு இருந்தால் எழுதுங்கள். அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள், கடைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள், கூடு எடுக்கும் நாளில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம். தேர்ந்த கடிதங்களை அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கிப் போடுகிறோம். படம் இருந்தால் சேர்த்தே அனுப்புங்கள். முகவரி எழுத மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்